நீ மிதிக்காத வாசற்படி

அன்பு மகள் ராணிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு அழகு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். நலமா என்று கேட்டால் 'நலம் அப்பா' என்று எழுதுவாய். என்ன கேட்டாலும் அப்படித்தான் எழுதுவாய். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. பஸ் ஏறிப் பாலிங்குக்கே வந்து சொல்லியிருக்கலாம். வந்தால் நீ காப்பி கலக்க அடுப்படிக்குப் போய்விடுவாய், மாப்பிள்ளை ரப்பர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா. அதனால் கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். இது ஒளித்துவைக்கும் கடிதம் இல்லை. நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், உன் சிநேகிதி பிலோமினாவிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

போன வாரம் பிலோமினா தன் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததிலிருந்து தொடங்கினால்தான் என் பங்கு எவ்வளவு என்று உனக்குச் சரியாகத் தெரியும். உனக்கு நினைவிருக்கும், நீங்கள் இருவரும் சுங்கைப்பட்டாணி கான்வென்டில் படிப்பை முடித்த வருடம் இங்கே எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கவில்லை. அப்போது உங்கள் தலைமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பித் தமிழ்நாட்டில் அவர்கள் சபை நடத்தும் பெண்கள் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். நன்றாகப் படிக்கிற பிள்ளையை வீட்டில் உட்காரவைக்காதீர்கள் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நம் ஊர் திகாம் பத்துவில் வந்து இறங்குவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கடைக்கு அரிசி வாங்க வந்தவன், புகையிலை வாங்க வந்தவன், ஒன்றுமே வாங்க வராதவன், எல்லாருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அதற்கு 'மாதா யுனிவர்சிட்டி' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

குருணில் துணிக்கடை வைத்திருந்த உன் பெரியப்பா நேரிலேயே வந்துவிட்டார். "பொட்டு வச்சுக்கிட்டுப் போறவ சிலுவ போட்டுக்கிட்டு வருவா, பாத்துக்க. அப்புறம் மாப்பிள்ள தேடிக்கிட்டு எங்கிட்ட வராத" என்றார். உன் அம்மா உள்ளே இருந்தபடியே, "படிப்புக்கு என்னாங்க சாமி இருக்கு. நாலு எழுத்துப் படிச்சிட்டு வரட்டும்" என்றாள். நான் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நின்றேன். அண்ணனிடம் பேசும்போது அனுப்ப மாட்டேன் என்பேன், அம்மாவிடம் பேசும்போது அனுப்பலாம் என்பேன்.

முடிவு எடுக்கவைத்தவர் பிலோமினாவின் அப்பா அந்தோணிதான். ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அவர், உனக்குத் தெரியாததா. ஒரு சாயங்காலம் வந்து பலகையில் உட்கார்ந்தார். "எம்பிள்ளய நான் அங்கதான் முதலாளி அனுப்புறேன். அங்க இருந்தா வேதத்துல நிக்கும். வெளிய விட்டா எவன் பின்னாடியாவது போயிடும், அப்புறம் சூசா லா, நமக்குத்தான் கஷ்டம்" என்றார். நான், "உங்க பிள்ளை உங்க வேதத்துல நிக்கும் மண்டோர். எம்பிள்ளையும் அதுலயே போய் நின்னுட்டா நான் என்ன பண்றது" என்று கேட்டேன். அவர் சிரித்தார். ரெண்டும் ஒரே அறையில்தான் இருக்கப்போகிறது, ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும் என்றார். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. மகள் மதம் மாறிவிடக் கூடாதே என்று அவர் அந்தக் கல்லூரிக்கு அனுப்பினார். அதே பயத்தில்தான் நான் அனுப்பத் தயங்கினேன். பிள்ளைகளைப் பற்றி யோசிக்கிறோம் என்று இரண்டு பேரும் எங்கள் பயத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சரி என்றேன். ஆனால் சும்மா சரி என்று சொல்லக் கூடாதா நான்.

நீ புறப்படுகிற காலையை இதுவரை நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. பெட்டியெல்லாம் கட்டிவைத்த பிறகு உன்னைச் சாமியறைக்குக் கூப்பிட்டேன். நீ விபூதி பூசத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் குனிந்தாய். நான் தட்டில் கற்பூரத்தை ஏற்றி முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். "அவங்க கோவில் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லி இத அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "பரீட்சைய கோவிலுக்குள்ள வச்சாங்கன்னா என்னப்பா பண்றது" என்று விளையாட்டாகக் கேட்டாய். நான் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற உன் அம்மா, "நம்பித்தானே அனுப்புறீங்க, அப்புறம் எதுக்குங்க இது" என்றாள். அவளையும் அதட்டினேன். நீ உள்ளங்கையால் கற்பூரத்தைப் பொத்தினாய்.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவது நம்மவர்களிடம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். திருட்டுப் போய் யார் என்று தெரியாதபோது கேட்பது அது. வழக்கு வேறு எந்த வழியிலும் தீராதபோது கேட்பது. மீறினால் குடும்பமே விளங்காது என்பார்கள். அப்படிப்பட்டதை, ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையிடம், படிக்கப் போகிற நாளில் கேட்டேன். கை சுட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் உன் அம்மா உன் கையைப் பிடித்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன். அங்கே பிலோமினாவின் அம்மா சவரியம்மா ஒரு பெரிய போத்தல் நிறைய நெத்திலிச் சம்பல் கொண்டுவந்திருந்தாள். "ரெண்டு பேத்துக்கும் ஒரே போத்தல்தான். சண்ட போடாம தின்னுங்கடி" என்று உன் கையில்தான் கொடுத்தாள், தன் மகள் கையில் கொடுக்கவில்லை. தன் மகள் கொடுத்தால் பங்கு சரியாக வராது என்று சொல்லிச் சிரித்தாள். கப்பல் நகர்ந்த பிறகும் என் மனசில் ஓடியது சத்தியம் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதிதான். மகள் போகிறாளே என்ற வருத்தம் வீட்டுக்கு வந்து உன் தட்டைப் பார்த்த பிறகுதான் வந்தது.

உன் கடிதங்கள் வந்தன. தீபாவளிக்கு விடுதி சிஸ்டர் விடியற்காலையில் வெந்நீர் போடச் சொல்லி இந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஏற்பாடு செய்தார், தன் கையாலேயே உன் தலையில் எண்ணெய் வைத்தார் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைவிருக்கிறதா. தூண்டிலில் புழுவை வைத்துத்தான் போடுவார்கள், ஜாக்கிரதையாக இரு என்று எழுதினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தாய் இல்லாத ஊரில் என் பிள்ளை தலையில் எண்ணெய் வைத்த ஒரு பெண்மணியைப் பற்றி அப்படி எழுதினேன். அதற்குப் பிறகு உன் கடிதங்கள் சிறுத்துப்போயின. நலம், படிப்பு நன்றாகப் போகிறது, அம்மாவுக்கு அன்பு. நீ பொறுப்பாகிவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து நீ திரும்பி வந்தபோது, போன மாதிரியே வந்துவிட்டாள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தேன். பெரியப்பாவிடம் குருணுக்கே போய்ச் சொன்னேன். போன மாதிரியே திரும்பி வரவா கடல் தாண்டிப் பிள்ளையை அனுப்புவது. அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பிலோமினாவுக்கு வருகிறேன். வரும் பள்ளி விடுமுறையில் சுங்கைப்பட்டாணி மாதா கோவிலில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தாம்பூலத்தட்டில் நம் முறைப்படி வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாள், அதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. நான் ஆசீர்வாதம் செய்தேன். அவள் போகவில்லை. "மாமா, ராணி விருந்துக்கு மட்டும் வரேன்னு எழுதியிருக்கா. கோவிலுக்கு வரமாட்டாளாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள். டீச்சர் இல்லையா, ஸ்கூல் வேலை இருக்கும்மா என்று ஏதோ உளறினேன். "லீவுலதானே மாமா வச்சிருக்கோம்" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவள் மனசில் இருந்தது உனக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"எங்கம்மா செத்தப்போ நான் காலேஜ்ல இருந்தேன், வர முடியல. உங்களுக்குத்தான் தெரியுமே. சிஸ்டருங்க எங்கம்மாவுக்காகப் பூச வச்சாங்க. பக்கத்துல வந்து உக்காருடின்னு ராணி கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். வாசப்படி வரைக்கும் வந்தா மாமா. அங்க வந்ததும் கையை உருவிக்கிட்டா. நல்ல மழ. பூச முடியிற வரைக்கும் வெளிய நனைஞ்சுக்கிட்டு நின்னா. நான் உள்ள தனியா உக்காந்திருந்தேன். ஏன்டின்னு கேட்டதுக்குப் பழக்கம் இல்லன்னு சொன்னா. என்ன விட அதிகமா அழுதவ அவ. உள்ள வர்றதுக்கு மட்டும் பழக்கம் இல்லயா. நாங்க தோட்டத்து ஆளுங்க, நீங்க கடைக்காரங்க, அதுதான் மனசுல இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன். அவள விடவும் முடியல. அதனால அதப் பத்திக் கேக்காமலே பழகிட்டேன்."

ராணி, இதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா. தராசில் நிறுத்துக்கொண்டிருந்த சீனியை நிறுத்து முடித்தேன். பொட்டலம் கட்டினேன். "காப்பி குடிச்சிட்டுப் போம்மா" என்றேன். அவ்வளவுதான். அது என் மகள் குணம் இல்லை, நான் வாங்கிய சத்தியம் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. அவள் போன பிறகு உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, "வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க" என்று கேட்டாள். அத்தனை வருடக் கோபமும் அதில் இருந்தது. பிறகு அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

அவள் பேசாமல் இருந்ததால்தான் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. இதை உனக்கு எழுதக் கை கூசுகிறது. சவரியம்மா இறந்தபோது சாவுக்கு நானும் போயிருந்தேன். சுங்கைப்பட்டாணி மாதா கோவிலில் பூசை. நானும் மற்ற கடைக்காரர்களும் வழக்கம்போல வெளியே மரத்தடியில் நின்றோம். அந்தோணி மண்டோர் சவப்பெட்டிக்குப் பின்னால் போனவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கையைப் பிடித்தார். "வாங்க முதலாளி" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்தபோது எழுந்தேன். ஒரு தவறும் செய்வதாகத் தோன்றவில்லை, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கையைப் பிடித்துக் கூப்பிடும்போது வேறென்ன செய்வது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன், சாப்பிட்டேன், மறந்துவிட்டேன். உனக்கு எழுதிய கடிதத்தில் சாவுக்குப் போய்வந்தேன் என்று மட்டும் எழுதினேன். அந்தோணி பிடித்த கையை நான் உதறவில்லை. அதே வாரத்தில் அங்கே அவர் மகள் பிடித்த கையை நீ எனக்காக உருவிக்கொண்டு மழையில் நின்றிருக்கிறாய்.

நாளாவட்டத்தில் நான் மறந்துபோனதை நீ உயிரைப் போல வைத்துக் காத்திருக்கிறாய். மறந்துபோனேன் என்பது பொய்யோ என்னவோ. உன் கல்யாணத்தன்று நம் முருகன் கோவிலில் உனக்குப் பக்கத்தில் தோழியாகத் தட்டு ஏந்தி நின்றவள் பிலோமினாதான். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சந்நிதி வரைக்கும் வந்தாள். குருக்கள் கொடுத்த குங்குமத்தைக் கூட மறுக்கவில்லை. அவள் அப்பா வெளியே நிற்காமல் உள்ளே வந்து அட்சதை போட்டார். நான் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது உன்னைக் கூப்பிட்டு, அந்தச் சத்தியம் இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னால் அன்றைக்குக் கேட்டது தப்பு என்று ஆகிவிடும். அதற்குத்தான் பயந்திருக்கிறேன்.

பிலோமினா பத்திரிகை கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் பூசாரியைப் பார்த்துச் சத்தியத்தை எடுப்பதற்கு என்ன பரிகாரம் என்று கேட்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். கேட்டவன் நான், இதில் பூசாரிக்கு என்ன வேலை. வீட்டுக்கு வந்து அதே தட்டில் கற்பூரம் ஏற்றினேன். உன் அம்மாவையும் கூப்பிட்டேன். என் மகளிடம் நான் வாங்கியதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அதில் ஏதாவது தோஷம் இருந்தால் அது என் தலையோடு போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் அணைக்கவில்லை. தானாக எரிந்து முடியும்வரை நின்றோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சிரித்தால் அதுவும் நியாயம்தான்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். அந்தோணி மண்டோர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஆட்களை அனுப்பிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். பிலோமினா கூடத்தில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கற்பூரத்திலிருந்து கொழுக்கட்டை வரைக்கும். அந்தோணி கேட்டுவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் அந்த யுனிவர்சிட்டியில ஒரு வருஷம் இடம் குடுத்திருக்கணும் முதலாளி" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், அவர் கண் சிரிக்கவில்லை. பிலோமினா மஞ்சள் கையோடு எழுந்து நின்றாள். "இத்தன வருஷமா அவ ஒரு வார்த்த சொல்லலயே மாமா. நான் அவள என்னென்னமோ நெனச்சேனே" என்றாள். என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாளே என்று எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, உடனே மன்னித்திருந்தால் திரும்பி வரும் வழியில் நானும் என்னை மன்னித்திருப்பேன்.

நீ ஏன் அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. சொன்னால் அப்பா பேர் கெட்டுப்போகும். என் பேரைக் காப்பாற்ற உன் பேரைக் கொடுத்திருக்கிறாய். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், அதுவும் எங்கேயோ படிக்கக் கிளம்பும். எந்தச் சாமி பேரில் உள்ள பல்கலைக்கழகம் என்று ஊரே கூடிப் பேசும், பெரியப்பாமார்கள் அப்போதும் இருப்பார்கள். ஊர் பேசுவதைக் கேட்டுக்கொள். அனுப்பக் கூடாது என்று தோன்றினால் அனுப்பாதே, அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அனுப்பினால் முழுசாக அனுப்பு. வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடு, சவரியம்மாவைப் போலச் சம்பல் செய்து கொடு, சத்தியம் மட்டும் கட்டிக் கொடுக்காதே. உன் பயத்தைப் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பாதே. அங்கே அதைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான், நீ இல்லை.

இனி உன்னைக் கோவிலுக்கு வா என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லக் கூடாது. போகாதே என்று சொன்ன வாய் போ என்று சொன்னால் அதுவும் ஒரு கட்டளைதான். உன் மேல் இனிமேல் என் சத்தியம் இல்லை, அதைச் சொல்ல மட்டும்தான் எனக்கு உரிமை. உள்ளே போவதும் போகாததும் உன் மனசு. அன்றைக்கு நானும் உன் அம்மாவும் முதல் பஸ்ஸிலேயே சுங்கைப்பட்டாணிக்கு வந்துவிடுவோம். நீ வெளியே நின்றால் நானும் உன் பக்கத்தில் வெளியே நிற்கிறேன், மழை பெய்தாலும் நிற்கிறேன், குடை கொண்டுவரமாட்டேன். நீ உள்ளே போனால் உனக்குப் பின்னால் வருகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலிருந்து நான் கிளம்பியபோது பிலோமினா வாசல் வரைக்கும் கூட வந்தாள். "முன் வரிசையில அம்மா உக்கார வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு மாமா. சித்தி கேட்டாங்க, அத்த கேட்டாங்க, யாருக்கும் குடுக்கல. ராணிகிட்ட சொல்லுங்க. அவ வரலன்னா அது காலியாவே இருக்கும்" என்றாள்.

உன் அப்பா